ஒனீக்காவின் முன்வரிசைச் சடைகள்

பாப்பீன் சந்தைக்குப் பின்னால், மலையேறுகிற பஸ்கள் திரும்பி நிற்கிற மூலையில் இருந்த பலகைக் கடைதான் இனேஸ் டல்லக்கினுடையது. தகரக் கூரை, இரண்டு நாற்காலி, ஓரம் உடைந்த ஒரு கண்ணாடி, ஒரு வாளி. அவ்வளவுதான் கடை. ஆனால் கிங்ஸ்டனில் தலையில் முடி கொஞ்சமாக இருந்து, அதிலும் சாமியார்களுடையது போலத் திரிந்து தொங்குகிற சடை போட்டே தீருவேன் என்று ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் கடைசியில் அங்கேதான் வந்து உட்கார்ந்தார்கள். பெரிய கடைகளில் ஏசிக்கு அடியில் உட்காரவைத்து, தேன்மெழுகை அள்ளி அப்பி, வாரா வாரம் முறுக்கி, கடைசியில் பாதித் தலையைக் காலிசெய்து அனுப்பியவர்களை இனேஸ்தான் எடுத்துச் சரிசெய்தாள். அதனால் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. இருக்கட்டுமே! தொழில் சுத்தமான பெண்ணுக்குத் திமிர் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

மெல்லிய முடி வழுக்கும், சொன்ன பேச்சுக் கேட்காது, சீக்கிரம் அறுந்தும் போகும். அதற்கென்று அவள் சில சட்டங்கள் வைத்திருந்தாள். வகிடு நேராக எடுக்கக் கூடாது. செங்கல் அடுக்குகிற மாதிரி மாற்றி மாற்றி எடுத்தால்தான் மண்டைத்தோல் வெளியே தெரியாது. இரண்டு இழையாகப் பிரித்து ஒன்றை ஒன்று சுற்றிவிட வேண்டும். மெழுகு கூடவே கூடாது, கற்றாழைச் சாறு போதும். திரித்து முடித்ததும் முக்கியமான சட்டம் ஒன்று உண்டு. கையை எடுத்துவிட வேண்டும். வேர் தளர்ந்து, முடி பறந்து, பார்க்க அசிங்கமாக இருந்தாலும் மாதக்கணக்கில் தொடவே கூடாது. அந்த அசிங்கத்துக்குள்ளேதான் முடி முடியோடு சிக்கி மொட்டு வைக்கும்.

"மெழுகு போட மாட்டீங்களா, மிஸ் இனேஸ்? பளபளன்னு இருக்குமே?" என்று எவளாவது கேட்டால் போதும்.

"பளபளன்னு வேணும்னா தலைக்குத் தார் அடிச்சுக்கோ. எந்திரி, அடுத்த ஆள் வரட்டும்."

தெருவுக்கு எதிர்ப்புறம் இளநீர் வண்டி வைத்திருந்த பிரதர் ஆஷர் இதைக் கேட்டுச் சிரிப்பார். ராஸ்தாக்காரர், முடியை வெட்டுவதும் வாருவதும் பாவம் என்கிற மதத்தார். சீப்பு என்ற சாமானையே தொட்டறியாதவர். சடை இடுப்புக்குக் கீழே தொங்கும்.

"மகாராணி, சடைங்கிறது மேல இருக்கிறவன் குடுக்கிறது. நீ ஊசி வச்சுப் பின்றியே, அதுக்குப் பேரு ஸ்வெட்டர்."

"உங்க தலைக்குள்ள குருவி குடித்தனம் நடத்துது பிரதர். முதல்ல அதுக்கு வாடகை வசூல் பண்ணுங்க."

"சிரி, சிரி. நான் சொல்றதைக் கேட்டுக்கோ. உன் கை சும்மா இருக்காது. ஒரு நாள் இல்ல ஒரு நாள் நீ ஒரு தலையைக் கெடுக்கத்தான் போற."

பக்கத்தில் மீன் பொரித்துக்கொண்டிருக்கும் மார்வா கரண்டியை ஆட்டி இருவரையும் அதட்டுவாள். இப்படியே அவர்கள் பொழுது போய்க்கொண்டிருந்தது.

இனேஸுக்கு ஒரே மகள், ஒனீக்கா. தகப்பன் கனடாவுக்குப் பழம் பறிக்கப் போனவன், அங்கேயே தங்கிவிட்டான். அவன் விட்டுப்போன சொத்து என்று சொன்னால், அந்தப் பெண்ணின் தலையில் இருந்த மெல்லிசு முடி ஒன்றுதான். அதையும் நோய் வந்து பிடுங்கிக்கொண்டது. பள்ளிப் படிப்பு முடிந்த சமயம் மூட்டெல்லாம் வலிக்கிறது என்றாள். மூக்குக்கு இருபுறமும் சிவந்து தடித்தது. முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் லூபஸ் என்று சொன்னார்கள். உடம்பு தன்னைத்தானே தின்கிற நோய். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பெண்ணுக்காவது இருக்கிறது, பாழாய்ப்போனது.

மாத்திரையில் அடங்கிவிடும் என்றாள் டாக்டர். கண்ணாடி போட்ட, அவசரப்படாமல் பேசுகிற பெண். ஆனால் இனேஸை உட்காரவைத்து ஒன்று சொன்னாள்.

"இது தூங்குற நோய்ம்மா. மறுபடி முழிச்சா சிறுநீரகத்துக்குத்தான் முதல்ல போகும். முழிக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? முடி மறுபடி கொட்டும். முகம், கால் வீங்கும். அப்படி ஏதாவது பார்த்தா அடுத்த நாள்னு கூட வைக்காதீங்க, ஓடி வந்துடுங்க."

இனேஸ் தலையாட்டினாள். முடியைப் பற்றி எனக்கா சொல்கிறாய் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டாள்.

நோய் அடங்கியது. முடியும் வந்தது, பிறந்த குழந்தையின் தலையில் இருப்பது போல மெலிசாக, ஒட்டியும் ஒட்டாமலும். விரலளவு வளர்ந்ததும் ஒனீக்கா கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் போட்டு விடு மம்மி."

"இந்த முடியிலயா? இன்னும் கொஞ்சம் வளரட்டும்டி."

"ஊரெல்லாம் மெல்லிசு முடிக்கு மிஸ் இனேஸ், மிஸ் இனேஸ்னு வருது. பெத்த பொண்ணு மட்டும் தலையில துணியைக் கட்டிக்கிட்டே அலையணுமா?"

அந்தப் பேச்சில் இனேஸ் மடங்கிவிட்டாள். அன்றைக்குக் கடையில் வேறு யாரையும் உட்காரவிடவில்லை. செங்கல் அடுக்கு வகிடு எடுத்து, இழை இழையாகச் சுற்றி, வேரில் கற்றாழை தடவி, மகளின் தலையைத் தொட்டும் தொடாமலும் வேலை செய்தாள். நெற்றியோரத்து முன்வரிசைக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. அங்கேதான் முடி மிகவும் குறைவு.

"நனைஞ்ச கோழி மாதிரி இருக்கேன்" என்றாள் ஒனீக்கா, கண்ணாடியைப் பார்த்து.

"கோழிதானே, பரவாயில்ல. ஆறு மாசம் போனா மயிலு."

அதற்குப் பிறகு இனேஸ் பட்ட பாடு எனக்குத் தெரியும். கையைக் கட்டிப்போட்டு வைத்திருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம்! மகள் சோறு தின்னும்போதும் கண் அந்த வேரின்மேல்தான். தொடமாட்டாள். துண்டில் இருக்கிற பஞ்சு சடைக்குள் போய்விடும் என்று பழைய பனியனால் தலை துவட்டவைத்தாள். ராத்திரியில் பட்டுத்துணி கட்டிவிட்டாள். மழைக்காலம் போய், ஒரு நாள் ஒனீக்கா தானே ஒரு சடையைத் தடவிப் பார்த்து, "மம்மி, உள்ள பட்டாணி மாதிரி என்னமோ உருளுது" என்றாள். மொட்டு. இனேஸ் சந்தைக்கு ஓடிப்போய் மார்வாவிடம் சொன்னாள். மார்வா இரண்டு பெரிய மீனைப் பொட்டலம் கட்டிக் கையில் திணித்தாள். ஆஷர் கூட ஒன்றும் கிண்டல் பண்ணாமல் ஒரு இளநீரை வெட்டிக் கொடுத்தார்.

சடை ஒரு வருஷம் நின்றது. நோயும் தூங்கியது. ஒனீக்காவுக்குப் பாலர் பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்தது.

செப்டம்பரில் பள்ளி திறக்கிறது. முதல் நாள் போகிற பெண் தலைமுடி பறக்கப் போகலாமா? வேரெல்லாம் தளர்ந்திருந்தது. அதுதான் நல்லது, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மற்றவர்களுக்கு ஆயிரம் முறை சொன்னவள் இனேஸ்தான். ஆனால் ஒனீக்கா, "ஒரே ஒரு தடவை மம்மி, முன்னாடி மட்டும் இழுத்து விடேன், தலைமை ஆசிரியை ஒரு மாதிரி பார்ப்பாங்க" என்று கெஞ்சியதும், இனேஸின் கை அதுவாகவே போய்விட்டது. முன்வரிசையைக் கொக்கி ஊசியால் இறுக்கினாள். நன்றாகவே இறுக்கினாள். மகள் வலியில் கண்ணை மூடிக்கொண்டாள். முகம் எடுப்பாக இருந்தது. அவ்வளவு அழகாக அந்தப் பெண்ணை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

கொஞ்ச நாளில் ஒரு காலை, மகள் வேலைக்குப் போனபின், தலையணையை உதறினாள் இனேஸ். ஒரு சடை கீழே விழுந்தது. முழுச் சடை. வேரோடு.

அவள் குனிந்து கையில் எடுத்துப் பார்த்தாள். நெற்றியோரத்துச் சடை. அவள் இறுக்கிய அதே வரிசை. இந்தத் தொழிலில் இருக்கிற எவளும் அதைப் பார்த்தால் ஒன்றைத்தான் சொல்வாள். கை வேலை. இழுத்த இழுப்பில் வேர் விட்டுவிட்டது. நெற்றியோரத்தில் வருகிற சேதமெல்லாம் கையால் வருவதுதான், எத்தனை தலையில் அதைப் பார்த்து எத்தனை கடைக்காரிகளை அவள் ஏசியிருக்கிறாள்! நீ ஒரு தலையைக் கெடுக்கத்தான் போகிறாய் என்று ஆஷர் சொன்னது காதில் கேட்டது. வேறு யார் தலையும் இல்லை, பெற்ற மகளின் தலை.

டாக்டர் சொன்னது நினைவுக்கு வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் டாக்டர் சொன்னது கொட்டுகிற முடியைப் பற்றி. இதுவோ தன் கையால் பிடுங்கிய முடி. அப்படித்தான் அவள் நினைத்தாள். முடி விஷயத்தில் அவளுக்குச் சந்தேகம் வந்து பழக்கமே இல்லை.

சாயங்காலம் மகளை உட்காரவைத்து, "கொஞ்சம் சரி பண்றேன்" என்று சொல்லி, விழுந்த சடையைப் பக்கத்துச் சடையின் அடியில் வைத்து ஊசியால் கோத்துவிட்டாள். யாரும் கண்டுபிடிக்க முடியாது. அப்படியொரு கைத்திறன் அவளுக்கு.

அடுத்த வாரம் தலை அலசிவிடும்போது இன்னும் இரண்டு கையோடு வந்தன. ஒனீக்கா சோப்புக்குக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இனேஸ் சத்தம் போடாமல் அவற்றை மேலங்கிப் பைக்குள் போட்டாள்.

"கொஞ்சம் கொட்டுற மாதிரி இருக்கே மம்மி?"

"சீப்புப் போடாத தலைல உதிரி முடி உள்ளேயே நிக்கும்டி. அலசினா வரத்தான் செய்யும்."

அதுவும் பொய் இல்லை. தொழிலில் இருக்கிற எல்லாரும் சொல்கிற உண்மைதான். அதை எடுத்துத்தான் மகளின் வாயை அடைத்தாள். பிறகு விழுந்தது ஒவ்வொன்றையும் நிற்கிற ஒன்றோடு கோத்தாள். இரண்டு பாரம் தாங்கிய சடை தானும் விழுந்தது. அதையும் கோத்தாள். வேர் ஆறட்டும், முளைக்கட்டும், அதுவரை மகளுக்குத் தெரியாமல் இருந்தால் போதும் என்று நினைத்தாள்.

ஒரு நாள் மார்வா கூப்பிட்டுக் கேட்டாள். "ஏண்டி, உன் பொண்ணு மூஞ்சி உப்பினாப்பல இருக்கே?"

"புது வேலை. நல்லா சாப்பிடுறா."

"காலும் உப்பியிருக்கு. சாப்பாடு காலுக்கா போகும்?"

"நாள் முழுக்க நின்னு பாடம் நடத்துறா. நீ உன் மீனைத் திருப்பு, கருகுது."

அன்றிரவே இனேஸ், ரத்தம் சுத்தமாகட்டும் என்று, காட்டுப்பாகல் கொடியைக் காய்ச்சி மகளுக்குக் குடிக்கக் கொடுத்தாள். கசப்பு தாங்காமல் ஒனீக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தாள்.

நவம்பரில் ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லிய நாள். அன்றைக்குப் பார்த்து ரத்தம் சோதிக்கிற ஆட்கள் வேலைநிறுத்தம். வராந்தா முழுக்கக் கூட்டம். டாக்டருக்குத் தண்ணீர் குடிக்க நேரமில்லை. ஆனாலும் அந்தப் பெண் ஒனீக்காவை நிறுத்தி நிதானமாகக் கேட்டாள்.

"இன்னைக்குச் சோதனை எதுவும் நடக்காது. நீ சொல்றதை வச்சுத்தான் நான் முடிவு பண்ணணும். கால் ஏன் கொஞ்சம் வீங்கியிருக்கு?"

"நின்னுக்கிட்டே இருக்கேன் டாக்டர், பிள்ளைங்க உட்கார விட மாட்டேங்குது."

"முடி கொட்டுதா? கொட்டுதுன்னா சொல்லு, இன்னைக்கே உள்ள படுக்க வச்சுடுறேன், ரத்தத்தை வெளிய அனுப்பிப் பார்க்கலாம். போன தடவை உனக்கு எல்லாம் முடியிலதான் ஆரம்பிச்சுது."

ஒனீக்கா தலைத்துணியை அவிழ்த்துக் காட்டினாள். "நீங்களே பாருங்க."

டாக்டர் முன்வரிசையை விரல் நுனியால் தடவினாள். இழுத்துப் பார்க்கவில்லை. சடையை யாராவது இழுத்துப் பார்ப்பார்களா? "அழகா இருக்கு. யாரு போட்டது?"

"மம்மி" என்றாள் ஒனீக்கா, பக்கத்தில் நின்ற தாயின் தோளில் சாய்ந்துகொண்டு.

அங்கேதான், அந்த ஒரு மூச்சு நேரத்தில்தான், இனேஸ் வாயைத் திறந்திருக்க வேண்டும். சொன்னால் மகள் இத்தனை பேருக்கு நடுவில் தலையில் கையை வைப்பாள், கை வைத்தால் தெரிந்துவிடும், உன் கையால்தான் போனது என்பாள். தானாகக் கொட்டுகிற முடியைத்தானே கேட்கிறார்கள், நான் பிடுங்கியது கணக்கில் சேராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டாக்டர் தாயின் முகத்தையும் ஒரு தடவை பார்த்தாள். இனேஸ் சிரித்தாள்.

"சரி, வேலைநிறுத்தம் முடிஞ்சதும் வாங்க" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால், பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஒனீக்கா வகுப்பில் விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அவள் உடம்பெல்லாம் நீர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற இயந்திரத்தில் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும் என்றார்கள், அவளுக்கு முன்னால் வரிசை நீளமாக இருந்தது.

டாக்டர் கட்டிலருகே வந்து நின்றாள். அவளும் இடிந்துபோயிருந்தாள்.

"எனக்குப் புரியல. இது நேத்து வந்தது இல்ல. மாசக்கணக்கா உள்ள எரிஞ்சிருக்கு. முடியாவது கொட்டியிருக்கணும். நான் பார்த்தேனே, ஒண்ணும் கொட்டலையே..."

இனேஸ் பைக்குள்ளிருந்து நூல் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள். மகளின் தலையணைக்கு அருகில் குனிந்து, தான் கோத்த இடங்களை ஒவ்வொன்றாக அறுத்தாள். முன்வரிசைச் சடைகள் மெத்தையில் உதிர்ந்தன. கீழே மண்டைத்தோல் பளிச்சென்று தெரிந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வெளியே போனாள்.

ஒனீக்கா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இது எப்ப விழுந்துச்சு?"

"செப்டம்பர்ல." இனேஸ் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "நான் இழுத்துதான் வந்துச்சுன்னு நினைச்சேன்டி. சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். நீ என்னைத் திட்டுவியேன்னு..."

"டாக்டர் கேட்டப்ப நீ பக்கத்துலதானே நின்ன?"

"நின்னேன்."

"நான் உன் மேல சாஞ்சுக்கிட்டு இருந்தேன்."

"ஆமாடி."

ஒனீக்கா அந்தச் சடையைத் தாயின் கையிலேயே திருப்பி வைத்தாள். கோபப்பட்டுக் கத்தியிருந்தாலாவது இனேஸுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கத்துவதற்குத் தெம்பு இல்லை அந்தப் பெண்ணுக்கு.

"இனிமே என் தலையைத் தொடாத மம்மி" என்றாள். "கஞ்சி குடு, குடிக்கிறேன். உடம்பு துடைச்சு விடு. தலையை மட்டும் தொடாத."

இனேஸ் தொடவில்லை. கஞ்சி ஊட்டினாள், காலைப் பிடித்துவிட்டாள், துணி மாற்றினாள். மகள் அவளோடு பேசினாள், சில நாள் சிரிக்கவும் செய்தாள். தலையில் துணி நழுவினால் மட்டும் நர்ஸைக் கூப்பிட்டாள். இயந்திரத்தில் இடம் வந்தபோது உடம்பு தாங்கவில்லை. மார்ச் வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சவ அலங்காரக் கடையில் வேலை செய்கிற பெண் இனேஸை ஓரமாகக் கூப்பிட்டாள். அவளுக்கும் சடை போட்டுவிட்டது இனேஸ்தான்.

"முன்னாடி ரொம்ப வெறிச்சுன்னு கிடக்கு மிஸ் இனேஸ். நீங்களே நாலு கோத்து விட்டுட்டா யாருக்கும் தெரியாது. உங்களைவிட இதை யாரு செய்வா?"

ஊசியும், விழுந்த சடைகளும் இனேஸின் கைப்பையில்தான் இருந்தன. அவள் தலையை அசைத்து மறுத்தாள்.

"தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கா."

"இனிமே அவளுக்கு என்னடி தெரியப்போகுது?" என்று மார்வா அழுதாள். "ஊரே வந்து பார்க்கும்டி. பச்சைப் பிள்ளையை இப்படியா அனுப்புறது? ஒரு தொப்பியாவது..."

"வேணாம். இருக்கிறபடியே இருக்கட்டும்."

சர்ச்சில் சவப்பெட்டி திறந்திருந்தது. சந்தை முழுக்க வந்திருந்தது. பிரதர் ஆஷர் சாவு வீட்டுப் பக்கமே போகாத ஆள், அன்றைக்கு வந்து வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றார். பாலர் பள்ளிப் பிள்ளைகளைச் சீருடையில் வரிசையாக அழைத்து வந்திருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தது. ஒரு சின்னப் பெண் மட்டும் நின்றுவிட்டது.

"டீச்சரோட முடியெல்லாம் எங்க?"

கூட வந்த ஆசிரியை அதன் வாயைப் பொத்தினாள். முன்பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த இனேஸ் நிமிர்ந்து அந்தக் குழந்தையைப் பார்த்தாள்.

"என்கிட்ட இருக்கும்மா" என்றாள். "நான்தான் ஒளிச்சு வச்சேன்."